தொண்டைக்கு ஏறும் வயிறு

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்து இரவு பத்து மணிக்கு மேல் களைகட்டி, கிழக்கு வெளுக்கும்போதுதான் ஓயும். வேடம் கட்டியவர் பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். பக்கத்தில் மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்கிக்கொண்டிருக்கும். அவற்றை மீறி, கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கேட்கிற மாதிரி குரல் எழும்ப வேண்டும். மைக் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த உச்சக் குரல் இறங்கவில்லை. இறங்கினால் அது கூத்தாக இருக்காது. பதினெட்டாம் போர் முடிந்த மறுநாள் துரியோதனனுக்குப் பேச்சு வராது. ‘ராத்திரி பூரா கத்துனது, தொண்டை கட்டிக்கிச்சு’ என்பார்கள். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

கத்தியதால் கட்டிய தொண்டை சில நாளில் தானே திறந்துகொள்ளும். திறக்காமல் வாரக்கணக்கில் இழுத்தால்தான் யோசிக்க வேண்டும். காலையில் எழும்போது குரல் மோசமாக இருக்கிறது, போகப்போகத் தேவலை ஆகிறது. ஓயாமல் தொண்டையைச் செருமத் தோன்றுகிறது. எச்சில் விழுங்கும்போது ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிற உணர்வு. சளி என்று நினைத்துத் துப்பினால் ஒன்றும் வருவதில்லை. வறட்டு இருமல் வேறு. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் குற்றவாளியைத் தொண்டையில் மட்டும் தேடினால் போதாது. அங்கிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், வயிற்றிலும் தேட வேண்டும்.

குரலால் பிழைப்பவர்கள் கூத்துக்காரர்கள் மட்டும் அல்லர். சேலத்துக்குக் கிழக்கே இருக்கும் அயோத்தியாப்பட்டணத்தையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் தங்கிய இடம் என்று ஊர்க்கதை சொல்கிறது. கோதண்டராமர் கோயிலில் நாயக்கர் காலத் தூண்கள் இருக்கின்றன. ஆத்தூர்ப் பக்கம் போகிற சாலையும் அரூர்ப் பக்கம் போகிற சாலையும் இங்கே பிரிவதால் பகல் முழுக்க ஊர் சத்தமாகவே இருக்கும். பேருந்து நடத்துநர் ஊர்ப் பேர் சொல்லிக் கூவுகிறார். தள்ளுவண்டிக்காரர் விலை சொல்லிக் கூவுகிறார். வகுப்பறையில் ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் ஆசிரியை பாடம் நடத்துகிறார். புரட்டாசிச் சனிக்கிழமையில் பஜனை, தேர்தல் வந்தால் ஜீப்பில் நின்று பேச்சு. இப்போது வண்டிக்காரர்கள் பலர் தங்கள் கூவலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டுவிடுகிறார்கள். தெருவாசிகளின் காதுக்கு அது தொல்லைதான். வண்டிக்காரர்களின் தொண்டைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்துப் பேச்சு மருத்துவத் துறையினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பாடகர், ஆசிரியர், அரசியல்வாதி, கூவி விற்பவர் என்ற நான்கு வகையினரிடமும் குரல் தொல்லை பற்றி விசாரித்தது. அதிகம் முறையிட்டவர்கள் அரசியல்வாதிகள். அடுத்து கூவி விற்பவர்கள். குரலுக்காகவே ஊர் அறிந்த பாடகர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். குரலைப் பழக்கியவருக்கும் பழக்காமல் உழைக்க விட்டவருக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆனால் பழக்கிய குரலையும் வயிறு விட்டுவைப்பதில்லை.

உடம்பின் அமைப்பிலேயே ஓர் அசட்டுத்தனம் இருக்கிறது. சோறு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. முன்னால் குரல்வளை, அதை ஒட்டிப் பின்னால் உணவுக்குழல் தொடங்குகிறது. உணவுக்குழலின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அடியில், இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை, மேலே தொண்டையோடு சேரும் இடத்தில் இன்னொன்று. விழுங்கும்போது திறப்பதும் மற்ற நேரங்களில் இறுக மூடியிருப்பதும் இவற்றின் வேலை. ஆனால் அடித்தசை அவ்வப்போது தளர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஏப்பம் விட முடியாது. அப்படித் தளரும்போது காற்றோடு கொஞ்சம் அமிலமும் எதுக்களிக்கும். சாப்பிட்ட பிறகு எல்லோருக்கும் இது நடக்கிறது, இதில் நோய் ஒன்றும் இல்லை. உணவுக்குழல் அலையலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளிவிடும். விழுங்கும் எச்சிலில் இருக்கிற பைகார்பனேட் மிச்சத்தை முறித்துவிடும். மேல்தசையையும் தாண்டி அது ஏறும்போதுதான் வம்பு.

இரைப்பைச் சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் 1824இல் வெளியிட்டார். வெறும் அமிலம் மட்டும் இறைச்சியை அப்படிச் செரிக்காது, கூட வேறொன்று இருக்கிறது என்று தேடிப்போன ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் 1836இல் பெப்சினைக் கண்டெடுத்தார். புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி அது. இரைப்பையே புரதத்தால் ஆனதுதான். ஆனால் கெட்டியான சளியையும் பைகார்பனேட்டையும் தன் சுவர் முழுக்கப் பூசிக்கொண்டு தன்னைத் தானே தின்னாமல் பார்த்துக்கொள்கிறது. குரல்வளைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இந்தச் சாறு தன் மேல் படும் என்று அது எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை.

பட்டால் என்ன ஆகும் என்று 1968இல் அமெரிக்க மருத்துவர்கள் டெலஹண்டியும் செரியும் நாய்களிடம் சோதித்தார்கள். குரல்நாணில் இரைப்பைச் சாற்றைத் திரும்பத் திரும்பத் தடவினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எச்சிலையும் தடவினார்கள். எச்சில் பட்டதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரைப்பைச் சாறு பட்ட இடம் சிவந்து, புண்ணாகி, சதை வளர்ந்தது. அதே வருஷம் செரி இன்னொரு கட்டுரையில், ஆறாத குரல்வளைப் புண்ணோடு வந்த நோயாளிகள் சிலருக்கு எதுக்களிப்புக்கு வைத்தியம் பார்த்ததும் புண் ஆறியதை எழுதினார். அதுவரை அந்தப் புண்ணுக்கு, குரலைத் தப்பாகப் பயன்படுத்துவதே காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சேதத்தில் பெரும்பங்கு பெப்சினுடையது என்பது பிறகு தெரியவந்தது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் 2ஐ ஒட்டி பெப்சின் முழுவேகத்தில் வெட்டும். 6.5க்கு மேல் போனால் வெட்டுவதை நிறுத்தும். நிறுத்துமே ஒழிய அழியாது. 8ஐத் தாண்டினால்தான் மீளாதபடி கெடும். குரல்வளையின் இயல்பான பி.எச். 7ஐ ஒட்டியது. ஆக, ராத்திரி ஏறிவந்து குரல்வளையில் தங்கிவிட்ட பெப்சின் வேலையில்லாமல் கிடக்கும், அடுத்த அமிலம் வந்ததும் மறுபடி எழுந்து வெட்டத் தொடங்கும். ஆய்வாளர் நிக்கி ஜான்ஸ்டனும் அவருடைய சகாக்களும் இன்னும் ஒரு படி போனார்கள். குரல்வளைச் செல்கள் இந்த நொதியைத் தாங்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். செல்லுக்குள்ளேயே அமிலத்தன்மை கொண்ட சிறு அறைகள் உண்டு. அங்கே போய்ச் சேரும் பெப்சினுக்கு வெளியிலிருந்து அமிலம் வர வேண்டிய அவசியமே இல்லை என்பது அவர்கள் கருத்து. வயிற்று வேலைக்காகப் பிறந்த நொதி தொண்டைச் செல்லுக்குள் குடியேறி, இருந்த இடத்திலிருந்தே அதைக் கெடுக்கிறது என்றால் கேட்கவே திகைப்பாக இருக்கிறது.

‘எனக்கு நெஞ்சு எரியவே இல்லையே, அப்புறம் எப்படி எதுக்களிப்பு?’ என்பதுதான் நோயாளிகள் எல்லோரும் கேட்கிற கேள்வி. அமெரிக்காவின் ஜேமி கௌஃப்மன் 1991இல் 225 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட நீண்ட கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, உணவுக்குழலின் அமிலத்தை 24 மணி நேரமும் அளந்த ஆய்வு அது. தொண்டைக்கு எதுக்களிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வயிறு, நெஞ்சு சார்ந்த தொல்லை இருந்தது. நெஞ்செரிச்சல்காரருக்குப் படுத்திருக்கும்போது அமிலம் ஏறி உணவுக்குழலில் நெடுநேரம் தேங்குகிறது. தொண்டைக்காரருக்கோ பெரும்பாலும் பகலில், நின்றும் நடந்தும் இருக்கும்போதே, சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடுகிறது. உணவுக்குழல் அதைக் கண்டுகொள்வதில்லை, அது தாங்கும். நாளைக்கு ஐம்பது முறை வரை அமிலம் ஏறினாலும் உணவுக்குழல் சமாளிக்கும், குரல்வளைக்கோ வாரத்துக்கு மூன்று முறை போதும் என்பது கௌஃப்மன் போட்ட கணக்கு.

இந்தச் சிறு சேதம் குரலை ஏன் இவ்வளவு கெடுக்கிறது? குரல்நாண் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். ஆணுக்கு அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். பெண்ணுக்கு இன்னும் குறைவு. சாதாரணமாகப் பேசும்போது ஆணின் நாண்கள் நொடிக்கு நூறு நூற்றிருபது முறையும் பெண்ணுடையவை ஏறத்தாழ இருநூறு முறையும் மோதிப் பிரிகின்றன. உச்சத்தில் பாடும் கூத்துக்காரருக்கு நொடிக்கு 300 என்று வைத்துக்கொண்டால், நின்று நின்று பாடியதையெல்லாம் கூட்டி ஒரு மணி நேரம் வந்தாலே 10 லட்சத்துக்கு மேற்பட்ட மோதல்கள். உடம்பில் வேறெந்தத் திசுவும் இந்த வேகத்தில் அடி வாங்குவதில்லை.

அடி வாங்கியும் அது கிழியாமல் இருப்பதற்கு அதன் அடுக்குதான் காரணம். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் இதை விளக்கினார். அடியில் தசை, அதன் மேல் நார்கள், அதற்கும் மேலே கூழ் போன்ற மெல்லிய படலம், மேலே தோல். பால் காய்ந்து ஆறும்போது மேலே படியும் ஏடு அடிப்பாலோடு ஒட்டாமல் தனியாக அலைந்தாடுகிறதே, அதுபோல இந்த மேல்தோல் கூழ்ப்படலத்தின் மேல் வழுக்கி அலையாடுகிறது. இனிமையான குரல் என்று நாம் சொல்வது அந்த அலை இரண்டு பக்கமும் ஒரே சீராக ஓடுவதைத்தான். வேகம் அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கில் மருத்துவர் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார்.

பெப்சினும் அமிலமும் பட்டுத் தோல் வீங்கினால், கூழ்ப்படலத்தில் நீர் கோத்துக்கொண்டால், அலை தடைப்படும். கனம் கூடுவதால் சுருதி இறங்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் கரகரக்கும். அலையை எழுப்புவதற்கே நுரையீரலிலிருந்து கூடுதல் காற்றழுத்தம் வேண்டியிருக்கும். சேதம் அதிகம் தெரிவது குரல்வளையின் பின்பகுதியில், உணவுக்குழலின் வாய்க்குப் பக்கத்தில். அமிலம் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான்.

அடுத்து நடப்பதற்கு வயிறு பொறுப்பில்லை, நாம்தான் பொறுப்பு. குரல் வரவில்லை என்றதும் கழுத்துத் தசைகளை இறுக்கி, முக்கிப் பேசுகிறோம். செருமுகிறோம். ஒவ்வொரு செருமலும் நாண்கள் இரண்டையும் ஓங்கி அறைந்துகொள்ள வைக்கிறது. அறைந்த இடம் இன்னும் வீங்குகிறது. வீங்கியதால் இன்னும் செருமத் தோன்றுகிறது. எதுக்களிப்பு நின்ற பிறகும் இந்த இறுக்கம் பழக்கமாகவே தங்கிவிடுவதுண்டு. மாத்திரை சாப்பிட்டும் குரல் திரும்பவில்லை என்று அலைகிறவர்களில் ஒரு பகுதியினரின் கதை இதுதான்.

பாடுவதே எதுக்களிப்பைத் தூண்டக்கூடும். இத்தாலியில் 351 ஆப்பெரா கோஷ்டிப் பாடகர்களை, பாடாத பொதுமக்களோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், பாடகர்களிடம் எதுக்களிப்புத் தொல்லை அதிகம் காணப்பட்டது. அடிவயிற்றிலிருந்து மூச்சை உந்திப் பாடுகிறபோது வயிற்றின் உள்ளழுத்தம் கூடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். நம் கூத்துக்காரர் அடிவயிற்றை உந்துவதோடு, குதித்து ஆடவும் செய்கிறார். போதாததற்கு இடுப்பில் அடுக்கடுக்காக உடுப்புக் கட்டி, கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார். இடுப்பை இறுக்கும் வார் எதுக்களிப்பைக் கூட்டுகிறது, ஏறிய அமிலம் திரும்ப இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். கூத்துக்காரர்களை வைத்து இப்படி ஓர் ஆய்வு செய்தால் என்னென்ன தெரியவரும் என்று தோன்றுகிறது. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, ஆட்டக் கலைஞர்களும் இருக்கிறார்கள். சேர்த்துவைக்கத்தான் ஆள் வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் அல்ல. குரல்வளையை உயிரோடு இருக்கும் மனிதரிடம் தெளிவாகப் பார்த்து விவரித்த முன்னோடி ஒரு பாட்டு வாத்தியார்: மானுவேல் கார்சியா. 1854இல் பாரிஸில், பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியையும் கைக்கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்துக்கொண்டார். இன்று மூக்கு வழியாக விடும் மெல்லிய கேமரா அதைத் திரையில் பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் நன்றாகத் தெரிகிறது என்பதாலேயே ஒரு சங்கடம் வந்துவிட்டது. சிவப்பாக இருக்கிறது, வீங்கியிருக்கிறது, ஆகவே எதுக்களிப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைத் தொல்லை எதுவும் இல்லாத 105 பேரின் குரல்வளையைப் பார்த்தார்கள். 86 விழுக்காட்டினரிடம் எதுக்களிப்பின் அடையாளம் என்று சொல்லப்படுபவற்றில் ஒன்றாவது இருந்தது. புகை, தூசி, ஒவ்வாமை, கத்தல் எல்லாமே தொண்டையைச் சிவக்க வைக்கும்.

இங்கிருந்து கதை மாத்திரைக்குப் போகிறது. நம் மருந்துக்கடைகளில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோதான். வலி மாத்திரை எதை வாங்கினாலும் கூடவே ஒன்று வரும். இவற்றில் முதலாவதாக வந்த ஒமிபிரசோல் 1988இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைச் செல்களில் அமிலத்தை இறைக்கும் பம்புகளை இது செயலிழக்கச் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பிடிக்க முடியும். பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது அதனால்தான். சாப்பிட்டுவிட்டு, வயிறு எரிந்த பிறகு போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

நெஞ்செரிச்சலுக்கும் உணவுக்குழல் புண்ணுக்கும் இந்த மாத்திரை பெரிய வரம். தொண்டைக்கு அதே பலனா என்று பார்த்தபோது ஏமாற்றம். பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் 346 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் தினம் இரண்டு வேளையும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் 16 வாரம் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவினருக்குமே தொண்டை ஓரளவு தேறியிருந்தது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் சொல்லியிருந்தது.

இதை வைத்து மாத்திரையே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆய்வுகளில் சேர்ந்த எல்லோருக்கும் உண்மையிலேயே எதுக்களிப்பு இருந்ததா என்பது ஒரு கேள்வி. இன்னொன்று முக்கியமானது: மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது; எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. அமிலம் குறைந்த சாறு முன்புபோலவே ஏறும், அதில் பெப்சினும் இருக்கும். ஆகவே இப்போதைய வழக்கம் கொஞ்சம் நிதானமானது. அமெரிக்க இரைப்பை–குடல் மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டி, நெஞ்செரிச்சலும் கூடவே இருந்தால் 8 முதல் 12 வாரம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. நெஞ்செரிச்சல் இல்லாமல் தொண்டைத் தொல்லை மட்டும் என்றால், எதுக்களிப்பை அளந்து உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள் என்கிறது.

பலன் கிடைக்கும்போது அது எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் சுவாரசியம். கௌஃப்மனும் அவருடைய சகா பெலாஃப்ஸ்கியும் அளந்து உறுதிசெய்த எதுக்களிப்புக்காரர்கள் 40 பேருக்கு வைத்தியம் பார்த்து 2001இல் எழுதினார்கள். அடைப்பும் செருமலும் இரண்டு மாதத்தில் நன்றாகக் குறைந்துவிட்டன. குரல்வளை அவ்வளவு சீக்கிரம் தேறவில்லை; ஆறு மாதம் வரை வீக்கம் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டே இருந்தது. நோயாளிக்குத் தேறிவிட்டதாகத் தோன்றிய பிறகும் உள்ளே பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டே வாரம் மாத்திரை போட்டுவிட்டு ‘கேட்கலை’ என்று விடுகிறவரும், இரண்டு மாதத்தில் தேறியதும் மறுபடி நள்ளிரவுப் பரோட்டாவுக்குப் போகிறவரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கூடவே பேச்சுப் பயிற்சியாளரிடம் போவது பலருக்கும் அவசியம். இறுக்கிப் பேசும் பழக்கத்தை மாத்திரை மாற்றாது. அவர்கள் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று பார்ப்பதற்கு விளையாட்டாக இருக்கும்: குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியாக ராகம் முனகுவது. குறுகிய துளையில் காற்று முட்டித் திரும்பி உண்டாக்கும் அழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிப்பதால் அவை ஓங்கி அறைந்துகொள்ளாமல் அதிர்கின்றன. செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கினால் அந்தச் சுற்றும் அறுபடும்.

கடைகளில் கிடைக்கும் இன்னொரு மருந்து நம் கடலிலிருந்தும் வருகிறது. மன்னார் வளைகுடாவில் சேகரிக்கும் பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். அதைக் கலந்த திரவத்தைச் சாப்பாட்டுக்குப் பின் குடித்தால், அமிலம் பட்டதும் கெட்டியாகி இரைப்பைச் சாற்றின் மேல் மிதக்கும் படலமாகிவிடும். எதுக்களித்தாலும் முதலில் ஏறுவது அந்தப் படலம்தான். வேதியியல் சண்டை ஏதும் போடாமல் குறுக்கே படுத்துக்கொள்கிற மருந்து. மாத்திரையால் நிறுத்த முடியாத பெப்சினையும் இது மறிப்பதால், எனக்கு இதன் மேல் கூடுதல் மதிப்பு.

சமையலறைக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். புளி ஆகாது, மிளகாய் ஆகாது, தக்காளி ஆகாது என்று போய், சேலத்துக்காரர் தட்டுவடை செட்டையே மறக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்பார்கள். காரச் சட்னி இல்லாத தட்டுவடை செட் எதற்கு? எந்தச் சாப்பாடு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொழுப்பும் மதுவும் புகையிலையும் அடித்தசையைத் தளர்த்தும் என்பதில் அதிகச் சந்தேகம் இல்லை. மேடையேறும் முன் பலர் சப்பும் பெப்பர்மின்ட் மிட்டாயும் அதையே செய்கிறது. தொண்டை குளிர்வதாகத் தோன்றும், கீழே கதவு திறந்துகொள்ளும். பாட்டுக்காரர்கள் நம்பும் அதிமதுரம் இதமானதுதான். ஆனால் தினமும் நிறைய மென்றால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பனங்கற்கண்டு போட்ட மிளகுப்பால் குடித்துவிட்டு உடனே படுப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: மிளகும் பாலும் இருக்கட்டும், படுக்கையைத் தள்ளிப் போடுங்கள்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பது பெரிது என்று எனக்குப் படுகிறது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுவிடுவதால், அப்போது ஏறுவதைக் கழுவ ஆளில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் உயர்த்துவது பழைய யோசனை, நல்ல யோசனை. தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிற்றை அமுக்கும். அது எதிர்மாறான பலனைத் தரும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழலுக்குக் கீழே அமைவதால் ஏறியது சீக்கிரம் இறங்குகிறது.

கூத்துக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருடைய ராத்திரி நம்முடைய பகல். நடு ஆட்டத்தில் டீ, விடிந்ததும் ஊர்க்காரர் கொடுக்கும் இட்லி, வேனில் ஏறியதும் தூக்கம். இருந்தாலும் இடமிருக்கிறது. வேடம் கட்டுவதற்கு இரண்டு மூன்று மணி முன்னால் சாப்பாட்டை முடித்துவிடலாம். இடுப்புக் கயிற்றை ஒரு பிடி தளர்த்தலாம். ஆட்டம் முடிந்ததும் வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சாய்வதற்குப் பதில் கொஞ்சமாகத் தின்று, வீடு போய்ச் சேரும்வரை நிமிர்ந்து உட்காரலாம். மைக் இருக்கிற ஊரில் மைக்கை நம்பலாம். இதுதான் அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க முடியாத யோசனை.

ஒன்றில் மட்டும் விளையாட்டே கூடாது. பீடி, சிகரெட், புகையிலை போடும் ஒருவருக்குக் குரல் கம்மி மூன்று வாரம் தாண்டியும் தேறவில்லை என்றால் கேஸ் மாத்திரையை வாங்கிப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. புகையிலை போடாதவரும் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்றுநோயும் முதலில் கரகரப்பாகத்தான் தலைகாட்டுகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகிற புற்றுகளில் அதுவும் ஒன்று. குரல்வளையைப் பார்க்காமல், கம்மலுக்காக மட்டும் எதுக்களிப்பு மாத்திரை எழுதாதீர்கள் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டியே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரே பேருந்தில் போனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ரத்தத்தோடு இருமல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் என்று எது சேர்ந்தாலும் மூன்று வாரம்கூட அதிகம்.

தேறிவரும் குரலுக்கும் ஒரு வரிசை உண்டு. பேச்சுக் குரல் முதலில் திரும்பும். ஓங்கிக் கத்துவதும் சீக்கிரமே வந்துவிடும், ஏனென்றால் காற்றை வேகமாக அடித்தால் வீங்கிய நாணையும் அதிர வைத்துவிடலாம். கடைசியாக வருவது மேல்ஸ்தாயியில் மிக மெல்லப் பாடுவது. அமெரிக்கக் குரல் மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன் அதையே ஒரு சோதனையாக ஆக்கினார்: எல்லோருக்கும் தெரிந்த ஓர் எளிய மெட்டை, எட்டுகிற உச்ச சுருதியில், தூங்கும் குழந்தை விழிக்காத அளவுக்கு மெல்லப் பாடச் சொல்வார். வீக்கம் மிச்சமிருந்தால் ஒலி தாமதித்து வரும், அல்லது வெறும் காற்று மட்டும் வரும். குரலைத் தொழிலாக வைத்திருப்பவர் யாரும் தினம் காலையில் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நேற்று வந்த சுருதி இன்று வராவிட்டால் அன்று ஆட்டத்தில் பாடும் பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்ப்பதும் நல்லது.